கொம்பு தேடிய பசு

ஒரு காட்டில் செவலை என்றொரு பசு இருந்தது. பிடிவாதத்தில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே இல்லை.

நடுக்கடலில் யாரும் எளிதில் எட்டாத தீவு ஒன்று உண்டு, அங்கே கடற்பசு மேய்கிறது என்று ஒருநாள் அதன் காதில் விழுந்தது. "கடலில் எனக்கு ஒரு சொந்தமா? பார்க்காமல் விடுவேனா?" என்று ஒரு கட்டுப் புல்லைக் கவ்விக்கொண்டு கப்பலேறிவிட்டது. கூடவே குரங்கும் ஏறியது. அதற்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை. கேட்டால் அதுவே சொல்லும்.

கப்பலை ஓட்டியது கூழைக்கடா. பை தொங்கும் அலகுள்ள பெரிய பறவை அது. "பொழுது சாய்ந்ததும் கப்பலைத் திருப்பிவிடுவேன். பார்ப்பதை அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது.

"கடற்பசுவை எப்படி அடையாளம் காண்பது?" என்று பசு குரங்கிடம் கேட்டது.

"இதென்ன கேள்வி? பசு என்றால் கொம்பு. அலைக்கு மேலே இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு வரும்."

தீவு நெருங்கியது. வானம் கொள்ளாமல் ஆலாப் பறவைகள் பறந்தன. டால்பின்கள் எனப்படும் ஓங்கில்கள் துள்ளித் துள்ளிக் கப்பலோடு பந்தயம் ஓடின. தூரத்தில் ஒரு திமிங்கலம் தண்ணீரைப் பீய்ச்சியடிக்க, குரங்கே வாயைப் பிளந்தது. நம் செவலை எதையாவது ஏறிட்டுப் பார்க்கவேண்டுமே. அதன் கண்ணெல்லாம் கொம்பிலேயே இருந்தது.

கப்பலோரம் உருண்டையான சாம்பல்நிற முகம் ஒன்று எழுந்தது. "யாரைத் தேடுகிறாய் அக்கா?"

"என் சொந்தக்காரியை. கொஞ்சம் தள்ளிக்கொள் அம்மா, கடலை மறைக்கிறாய்."

அது தள்ளிக்கொண்டது. செவலை அந்தப் பக்கம் போனால், அங்கேயும் அதே முகம்.

"இங்கேயும் வந்துவிட்டாயா? போ, போ."

பொழுது சாய்ந்தது. செவலைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தும் அவள் கொம்பைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே" என்றது.

கூழைக்கடா அலகுப் பை குலுங்கச் சிரித்தது. "என் பெயர் என்ன?"

"கூழைக்கடா."

"பெயரில் கடா இருக்கிறதே. என் கொம்பு எங்கே?"

குரங்கு வெட்கத்தோடு தன் வாலைப் பார்த்துக்கொண்டது. செவலை தண்ணீரை எட்டிப் பார்த்தது. அந்தச் சாம்பல்நிறத்தாள் இன்னும் அங்கேதான் மிதந்துகொண்டிருந்தாள். வாயில் கடற்புல். துடுப்பு போன்ற கைக்குக் கீழே ஒரு குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

"அடி என் தங்கச்சி, நீதானா? உன்னையா நான் விரட்டினேன்?"

"தள்ளிப் போ என்றாய் அக்கா, தள்ளிப் போனேன்" என்று சிரித்தது கடற்பசு.

செவலை தன் புல்லைக் கொடுத்தது. கடற்பசு தன் புல்லைக் கொடுத்தது. செவலை ஒரு வாய் மென்று பார்த்து, "அடடா, உங்கள் ஊரில் உப்புப் போட்டே முளைக்கிறதா?" என்றது. கப்பல் திரும்பும்வரை இரண்டும் மென்றுகொண்டே இருந்தன.

நீதி: பெயரைக் கேட்டு மனத்தில் ஓர் உருவத்தை வரைந்துகொண்டு தேடினால், எதிரில் நிற்பவரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்.