தோளுக்கு எந்த வழி

டாக்டர் பலராமனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருடைய குரு டாக்டர் நிலோஃபருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சிஷ்யர் "மேடம்" என்பார், குரு "சார்" என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

தோள் மூட்டுக்குள் சாய மருந்தை ஊசியால் ஏற்றிவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால், உள்ளே கிழிசல் எங்கே என்று பளிச்சென்று தெரியும். அந்த ஊசியைக் கற்கத்தான் பலராமன் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தார். அடுத்த மாதம் அவர் ஊர் திரும்பினால், அங்கே அதைப் போட வேறு ஆள் கிடையாது.

"மேடம், எக்ஸ்ரேல பார்த்து முன்பக்கமா குத்துறது நல்லதா? அல்ட்ராசவுண்ட்ல பார்த்துப் பின்பக்கமா குத்துறது நல்லதா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"எக்ஸ்ரேல மருந்து பரவுறது நல்லாத் தெரியுது. ஆனா கதிர்வீச்சு இருக்கு. அல்ட்ராசவுண்ட்ல அந்தத் தொல்லை இல்ல, ஊசி போறதும் தெரியுது. ஆனா குண்டான ஆளுங்களுக்குக் கலங்கலா வருது."

"சரிதான். இந்தாங்க, இன்னிக்கு நீங்க போடுங்க."

"முதல்ல எதுன்னு முடிவாகட்டும் மேடம்."

தினமும் இதே பாட்டு. நிலோஃபர் சிரித்துக்கொண்டே தானே போட்டுவிடுவார். பலராமன் பின்னால் நின்று தலையாட்டுவார். பாவம், மனிதர் மண்டையில் எல்லாம் இருந்தது. கைதான் முன்னே வரமாட்டேன் என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஷட்டில் ஆடப் போனவர், இறகுப்பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்தார். இடது கையைத் தூக்கவே முடியவில்லை. மறுநாள் ஊசிக்கு வந்து படுத்தது அவரேதான்.

"எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ரெண்டு ரூமும் தயார்," என்றார் நிலோஃபர். "எந்த வழில போடட்டும் சார்? நீங்களே சொல்லுங்க."

பலராமனுக்கு முன்பக்கம், பின்பக்கம், கதிர்வீச்சு எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோயின.

"போடப்போறது யாரு மேடம்?"

"நான்தான்."

"அப்பாடா! அப்போ எந்த வழின்னாலும் சரி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிலோஃபர் பலராமனை அல்ட்ராசவுண்ட் அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்பக்கமாகப் போட்டு முடித்தார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கிழிசல் இல்லை, வெறும் வீக்கம்தான். பலராமனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அல்ட்ராசவுண்ட் அறைக்கே திரும்பி வந்தார். உள்ளே அடுத்த நோயாளி, ஒரு கபடி ஆட்டக்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், பண்ருட்டில என்னைப் பார்த்து ஒருத்தராவது அப்படிச் சொல்வாங்களா? நீங்க போட்டா எந்த வழின்னாலும் சரின்னு?"

கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது.

நிலோஃபர் ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார்.

"வலது கை நல்லாத்தானே இருக்கு சார்? தோள் மேல வெச்சுப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் புரோபை நான் பிடிச்சுக்கறேன். வாங்க."