சருகு கிளறாத மாசி

ஒரு மலைச்சரிவில் சிலுப்பி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். மூங்கில் புதரின் அடியில், சருகுகளுக்கு நடுவே ஐந்து முட்டைகள் இட்டிருந்தாள். போன வருடத்து முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. அதனால் இந்த ஐந்தும்தான் அவளுக்கு உயிர்.

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. மாசி பிறந்ததும் காட்டெருமைகள் காய்ந்த புல்லை மேய்ந்து மிதிக்கும். கோழிகள் சருகைக் கிளறித் தள்ளும். சரிவின் குறுக்கே வெறும் மண்ணாக ஒரு பாதை விழும். கீழே தீப்பிடித்தால் அந்தப் பாதையைத் தாண்டி மேலே வராது.

இந்த மாசியில் வானத்தில் கருமேகம் கூடியது. மயிலாருக்குத் தலைகால் புரியவில்லை.

“மழை வரப்போகுது! எல்லாரும் ஆடுங்க!” என்று தோகையை விரித்தார்.

“ஆடலாம் அண்ணே! முதல்ல பாதையைப் போட்டுடலாம். புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு!” என்றாள் சிலுப்பி.

“மழை வர்ற நேரத்துல தீ எங்கேருந்து வரும்? நீ கிளறினா புழுதி பறக்கும். என் தோகை என்னத்துக்கு ஆகும்!”

சிலுப்பி காட்டெருமையாரிடம் ஓடினாள்.

“அண்ணே, நீங்களாவது வாங்க!”

“போ தங்கச்சி! மழை பெஞ்சா இளம்புல் முளைக்கப்போகுது. இந்தச் சக்கையை எவன் மெல்லுவான்?” என்று அவர் சுகமாகப் படுத்துக்கொண்டார்.

சிலுப்பி தனியாகவே கிளறத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போவாள். முட்டை ஆறிப்போகுமே என்று பதறி ஓடிவருவாள். மறுபடி போவாள். மேகமோ இன்னும் கறுத்தது. ‘அதான் மழை வந்துடுமே’ என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள். பாதை பாதியில் நின்றது.

மறுநாள் வந்தது மழை அல்ல, காற்று. மூங்கில்களை வளைத்துப் போடுகிற காற்று! பின்னாலேயே மின்னல் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே ஒரு பட்டமரத்தில் இடி விழுந்து புல் பற்றிக்கொண்டது. காற்று அந்தத் தீயை மேலே விரட்டியது.

சிலுப்பி கிளறிய இடத்தில் தீ நின்றது. கிளறாத பாதி வழியாக ஏறி வந்தது.

“அண்ணே! யாராவது வாங்களேன்!” என்று கதறினாள்.

காட்டெருமையார் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியிருந்தார். மயிலார் தோகையில் தீப்பொறி பட்டதும் பாறை உச்சிக்குப் பறந்திருந்தார். சிலுப்பி இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள். இறகு பொசுங்கியது. அப்புறமும் இருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் பறந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

எரிய எதுவும் மிச்சமில்லாதபோது மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“பாத்தியா! மழை வரும்னு சொன்னேன்ல!” என்றார் தோகை கருகிய மயிலார். ஆட அவருக்குக் கால் எழவில்லை.

காட்டெருமையார் திரும்பி வந்தார். இளம்புல் முளைக்கவேண்டிய மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போவதைப் பார்த்தார்.

சிலுப்பி இருவரையும் பார்க்கவில்லை. மூங்கில் புதர் இருந்த இடத்தில் ஈரச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் வெறும் மண்தான் தெரிந்தது. மாசி பிறந்தபோது தெரிந்திருக்க வேண்டிய மண்.

நாளை வரும் மழையை நம்பி இன்றைய காவலைக் கைவிட்டவர்களுக்கு, அந்த மழை வந்தும் பயனில்லை.