மிளகாய் இருமல்

இருமினால் வேலையைவிட்டு விரட்டுகிறவர் செங்கல்சூளை முதலாளி துரைக்கண்ணு. அதனால் ஆட்கள் இருமலை மென்று விழுங்கினார்கள். ஒருநாள் அரசாங்கச் செலவில் காசநோய் பரிசோதிக்கும் எக்ஸ்ரே வண்டி வந்தது. முதலாளி வாசலை மறித்தார்.

“என் சூளையில ஒருத்தன் இருமட்டும், வண்டிய உள்ள விடுறேன்!”

சமையல்காரி சடைச்சி காய்ந்த சட்டியில் ஒரு கை வரமிளகாயை அள்ளிப் போட்டாள். நெடி கிளம்பியது, சூளையே இருமியது.

“இது மிளகாய் இருமல். செல்லாது!” என்று இருமிக்கொண்டே கத்தினார் முதலாளி.

“சரிங்க” என்று சட்டியை இறக்கி மூடினாள் சடைச்சி. நெடி அடங்கியது. பலருக்கு இருமல் நின்றது, சிலருக்கு நிற்கவில்லை. முதலாளிக்கு நிற்கவே இல்லை.

“மிளகாய் இருமல் போயிருச்சு மொதலாளி. இது உங்க சொந்த இருமல். மொதல்ல நீங்க வண்டியில ஏறுங்க!”