எந்தக் கன்னம்?

விருதுநகர்ப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர் இசக்கியம்மாள். ஓட்டத்தில் கெட்டிக்காரியான மாணவி முத்தரசி திடீரென்று மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

"வெயில்ல ஓடினா கறுத்துருவேன்க்கா. ஏழே நாள்ல சிவப்பாகலாம்னு டிவில காட்டுற கிரீமை வாங்கி வச்சிருக்கேன்" என்றாள்.

அந்த வாரமே கிரீம் கம்பெனி மேலாளர் கல்லூரிக்கு விளம்பரம் செய்ய வந்தார். "சந்தேகம் இருந்தா பூசிப் பாருங்க! அடுத்த வாரம் இதே மேடையில நிரூபிக்கிறேன்" என்று மைக்கில் சவால் விட்டார்.

இசக்கியம்மாள் முத்தரசியிடம், "ஒரு கன்னத்துல மட்டும் பூசு தாயி. எதுன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

ஏழு நாள் கழித்து முத்தரசி மேடையேறினாள்.

"ஒரு பக்கம்தான் பூசியிருக்கா. எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார் இசக்கியம்மாள்.

மேலாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "வலது கன்னம்! எப்படி மின்னுது பாருங்க!"

"அதுல வெறும் தண்ணிதான் சார் பட்டிருக்கு" என்று சொல்லும்போதே முத்தரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரங்கமே சேர்ந்து சிரித்தது.

மேடையை விட்டு இறங்கிய மேலாளர் இசக்கியம்மாளிடம் தணிந்த குரலில், "என் மகளும் இதைத்தாம்மா பூசுறா" என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போனதும் அவகிட்ட சொல்லுங்க சார், அவ அழகாத்தான் இருக்கான்னு."