உப்புப் படிகத்தின் குரல்

துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் இயக்கி ஓய்வு பெற்ற அருளப்பன், அமெச்சூர் வானொலியைப் பூங்கோதையிடம் பயின்றார். ஆசிரியை அவரைவிட இருபத்தெட்டு வயது இளையவர்.

ஒரு சனிக்கிழமை காலை, துண்டில் சுற்றிய பழைய கிறிஸ்டல் மைக் ஒன்றை அவர் ஆசிரியையின் மேசைமேல் வைத்தார். அவருடைய அண்ணன் சவரிராயன் நாற்பது ஆண்டுகள் வானொலியில் பேசிய மைக் அது. பக்கவாதம் கண்ட நாள்முதல், இரண்டு மாதமாக அண்ணன் வாய் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நண்பர்கள் அலைவரிசையில் கூடும்போது, மகள் அவர் தலைமாட்டில், கேட்கவும் பேசவும் கூடிய சிறிய ரேடியோவை வைப்பாள். தம் மைக்கின் குரலைக் கேட்டால் அண்ணன் ஒரு சொல்லாவது பேசுவார் என்று தம்பி நம்பினார்.

ஆனால் தம் புதிய டிரான்சீவரில், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டியில், இணைத்தபோது, குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலித்தது. அருளப்பன் ஓர் ஒலிபெருக்கும் சுற்றைச் சேர்த்தார். பிறகு இன்னொன்றையும் சேர்த்தார். இரைச்சல்தான் பெருகியது.

“கிரேன்காரர் அல்லவா? எதைக் கண்டாலும் தூக்கத்தான் தோன்றும்” என்றார் பூங்கோதை.

“உயிர் போய்விட்டது, டீச்சர். கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதிய மைக்கைப் பொருத்திவிடலாம். அண்ணனுக்குத் தெரியவா போகிறது?”

பூங்கோதை மைக்கின் கம்பிகளை ரேடியோவின் ஸ்பீக்கர் முனையில் இணைத்து, மைக்கை அவர் காதருகே பிடித்தார்.

மைக் பேசியது. எங்கோ ஒருவர் இன்னொருவரிடம், உங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நூலிழைபோல் மெல்லிய குரல். ஆனால் ஒரு சொல்லும் சிதையவில்லை.

அருளப்பன் மைக்கை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே இருப்பது ஓர் உப்புப் படிகத் தகடு என்று ஆசிரியை விளக்கினார். குரல் பட்டால் அது வளையும். வளைந்தால் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் பட்டாலும் வளையும். அப்போது குரல் பிறக்கும்.

அருளப்பன் கேட்டார்: “இவ்வளவு உயிரோடு இருப்பது என் பெட்டியில் ஏன் பேசவில்லை?”

“கேட்கும்போதே உங்கள் பெட்டி அதனிடமிருந்து மின்சாரத்தைப் பிடுங்குகிறது. அவ்வளவு கொடுக்க அதனிடம் இல்லை.”

அவர் சேர்த்திருந்த சுற்றுகள் இரண்டையும் பூங்கோதை கழற்றினார். சூடு படிகத்தை எட்டாதபடி கம்பியை இடுக்கியால் கவ்விக்கொண்டு, மிளகளவு டிரான்சிஸ்டர் ஒன்றைப் படிகத்தின் அருகில் பற்றவைத்தார்.

“இது எத்தனை மடங்கு கூட்டும்?”

“ஒரு மடங்குகூடக் கூட்டாது.”

“பிறகு எதற்கு?”

“பக்கத்தில் இருக்கும். படிகத்திடம் எதையும் கேட்டு வாங்காது.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பூங்கோதை அருகிலிருக்க, அருளப்பன் அந்த மைக்கில் பேசினார். மைக்கின் பழைய குரலைக் கேட்டுச் சவரிராயனா என்று வியந்த நண்பர்கள், விவரம் அறிந்ததும் வழிவிட்டு அமைதியாயினர்.

“அண்ணே, நான்தான்.”

அண்ணன் வீட்டில் யாரோ பேச்சுப் பொத்தானை அழுத்தினார்கள். முதலில் ஒரு மூச்சு வந்தது. பிறகு, சொல்லாகாத ஓர் ஒலி. பிறகு மீண்டும் மூச்சு.

 இன்னும் உரக்கப் பேசுமாறு அண்ணனைக் கேட்க, அருளப்பனின் விரல் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

“ஒன்றும் கேட்க வேண்டாம், ஐயா” என்றார் பூங்கோதை. “பக்கத்தில் இருங்கள்.”