பேச்சியோட குதிரை

ஒரு ஊர்ல மாசானம் மாசானம்னு ஒருத்தன் இருந்தானாம். அரண்மனைக் குதிரைங்களுக்குப் புல்லறுத்துப் போடுறதுதான் அவன் வேலை. பொண்டாட்டி பேரு ஆவுடை, ஒத்தப் பொண்ணு பேச்சி. ஆவணி அனுஷம் வந்தா பேச்சிக்கு ஆறு வயசு. பட்டுப் பாவாடை எடுக்க வழியில்ல, நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடவும் வழியில்ல. அப்ப மாசானம் என்ன பண்ணான், மகளை மடியில உக்கார வச்சு, "தாயி, அன்னைக்கு ஒரு நாள் பூரா நான்தான் உன் குதிரை. நீ சொல்றதுதான் சட்டம். ஓடுன்னா ஓடுவேன், நில்லுன்னா நிப்பேன்"னான். பேச்சிக்குத் தலகால் புரியல. மேலத்தெருவுல போய்ச் சொன்னா, கீழத்தெருவுல போய்ச் சொன்னா, கெணத்தடியில இருந்த அத்தனை பேர்கிட்டயும் சொன்னா, "எங்கப்பா எனக்குக் குதிரை!"ன்னு.

ராசா மகனுக்கும் அதே அனுஷம்தான், பாத்துக்கோங்க. எட்டு நாட்டு ராசாக்கள் குதிரையில வர்றாங்க. மொத நாளு மந்திரி மாசானத்தைக் கூப்பிட்டு, "நாளைக்கு மூணு மடங்கு புல்லு வேணும்டா"ன்னான்.

"சாமி, நாளைக்கு என் புள்ளைக்குப் பொறந்தநாளு. நாளைக்கு மட்டும் விட்டுடுங்க."

"அரண்மனையில விசேஷம் சரி. புல்லறுக்கிறவன் வீட்டுல என்னடா விசேஷம்?"னு மந்திரி மீசையை முறுக்கினான். அந்த மீசையில தீயை வைக்க.

மறுநாள் பேச்சி கண்ணு முழிச்சுப் பாத்தா, குதிரையக் காணோம். ஆவுடைக்கு வயிறு எரிஞ்சுது, பாவம். ஆனாலும் மகளுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினா, இருந்த கருப்பட்டியைத் தட்டிப்போட்டு ஆறு கொழுக்கட்டை புடிச்சா. பேச்சி அழல, தெரியுமா. கொழுக்கட்டையைத் துணியில முடிஞ்சுக்கிட்டு, "குதிரை வரலேன்னா என்ன, நான் குதிரைகிட்டப் போறேன்"னு லாயத்துக்கே போயிட்டா.

அங்க மாசானம் புல்லுக்கட்டை இறக்கிட்டு நிமிர்றான், மக நிக்கிறா. அவனுக்கு அழுகை வந்துடுச்சு. சட்டுனு அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு லாயத்தைச் சுத்தி ஓடினான். ஒரு சுத்து ஆச்சு, ரெண்டு சுத்து ஆச்சு, மூணாவது சுத்துல மந்திரி வந்து நின்னான். "எறக்குடா கீழ! புல்லு எங்கடான்னா வெளையாட்டா காட்டுற?"ன்னு கத்தி, கொழுக்கட்டை முடிச்சைப் புடுங்கி எறிஞ்சான்.

இதை யாரு பாத்தா? மாடத்துல இருந்து ராசா மகன் பாத்தான். காலையில இருந்து அவனைக் கனத்த கிரீடத்தோட ஒரே இடத்துல உக்கார வச்சிருந்தாங்க. எல்லாரும் கும்பிட்டாங்க, ஒருத்தரும் அவன்கூடப் பேசல. அவன் குடுகுடுன்னு எறங்கி ஓடியாந்தான், பின்னாலேயே ராசாவும் ஓடியாந்தாரு.

"நீ ஏன் அவரு தோள்ல உக்காந்திருந்த?"ன்னு ராசா மகன் பேச்சியைக் கேட்டான்.

"இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு. எங்கப்பாதான் குதிரை. பொறந்தநாள் புள்ள சொல்றதுதான் சட்டம்"னா பேச்சி.

அவன் திரும்பி, "அப்பா, எனக்கும் இன்னைக்குத்தானே பொறந்தநாளு? எனக்கும் அந்தச் சட்டம் உண்டா?"ன்னான். யானை வேணுமா, முத்துமாலை வேணுமா, ஒரு ஊரே வேணுமான்னு மூணு நாளா கேட்டும் வாயைத் திறக்காத புள்ள அது. ராசா மனசு கரைஞ்சுடுச்சு.

"உண்டு கண்ணு."

"அப்ப குனிங்க."

ராசா கிரீடத்தைக் கழட்டி மந்திரி கையில குடுத்துட்டுக் குனிஞ்சாரு. மந்திரி பதறிட்டான். "மகாராசா, மரியாதை என்னாவறது!" ராசா மகன் அதைக் காதுலயே வாங்கல. அப்பா தோள்ல ஏறிக்கிட்டு, "நீயும் ஒரு சட்டம் சொல்லேன்"னு பேச்சியைக் கேட்டான்.

பேச்சி யோசிச்சா. பட்டு கேக்கல, பவுனு கேக்கல. "எங்கப்பாவை விட்டுடுங்க. மிச்சப் புல்லை இவரு அறுக்கட்டும்"னு மந்திரியைக் கைகாட்டினா.

"சட்டம்னா சட்டம்தான்"னாரு ராசா, மகனைச் சுமந்தபடியே.

மந்திரி பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அறுக்கப் போனான். மொதக் கட்டுல கை கொப்புளிச்சுது, ரெண்டாவது கட்டுல இடுப்பு புடிச்சுது, மூணாவது கட்டைத் தூக்கிட்டு வந்தப்ப மீசையை முறுக்கக் கூட கை எழும்பல. நல்லா வேணும் அவனுக்கு.

கொழுக்கட்டை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? முடிச்சுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. ராசா மகன் ரெண்டு தின்னான். மாசானம் பொழுது சாயற வரைக்கும் மகளைச் சுமந்துக்கிட்டு, மேலத்தெரு, கீழத்தெரு, கெணத்தடின்னு அவ சொன்ன இடமெல்லாம் ஓடினான். பெத்தவங்க கூடவே இருந்த நாளைப் புள்ளைங்க மறக்கவே மறக்காது. அந்தக் குதிரை அங்க ஓடட்டும், நம்ம கதை இங்க நிக்கட்டும்.