மூன்றாம் சுற்றுக்கு வராத கவுதாரி

கருவேலங்காட்டின் நடுவே ஒரு பாறை. அந்தப் பாறையில் பல் போன கிழட்டுச் சிங்கராஜா இருந்தார். மான்கறியைக் கடிக்க அவரால் முடியவில்லை. கவுதாரிக் கறிதான் இப்போது ஆகாரம். கவுதாரி பிடிப்பதற்காக ஒரு ராஜாளியை வேட்டைக்குப் பழக்கிவந்தார்கள். அவள் பெயர் கூர்விழி.

பழக்குகிற வேலை கரடிக்கு. காய்ந்த இறகுகளைக் கட்டாகக் கட்டிப் பன்னிரண்டு முழக் கயிற்றில் மாட்டி, கரடி அதைத் தன் தலைக்கு மேலே சுற்றும். கூர்விழி வானத்திலிருந்து பாய்ந்து இறகுக் கட்டை அடிக்க வேண்டும். அடித்தால் ஒரு துண்டு இறைச்சி கிடைக்கும்.

முப்பது நாளாக இதே பாடம். கரடியின் கை ஒரே மாதிரிதான் சுற்றும். மூன்றாம் சுற்றில் கட்டு சற்றுத் தாழ்ந்து வரும். கூர்விழி அதுவரை காத்திருந்து அடிப்பாள்.

அன்று காலை நாற்பது முறை அடித்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"இனிமேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை, தாயி!" என்று கரடி பூரித்தது.

"அதையும் பார்த்துவிடுவோம்" என்றார் சிங்கராஜா. "பொழுது சாய்வதற்குள் உனக்கு மூன்று வாய்ப்பு. ஒரு கவுதாரியாவது வர வேண்டும். வராவிட்டால், நாளை முதல் நீயும் ஈ விரட்டு!"

ராஜாவின் மூக்கருகே ஒரு பருந்து உட்கார்ந்து இறக்கையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் வேட்டையில் மூன்று முறை இரையைத் தவறவிட்ட பருந்து. அன்றிலிருந்து அது பறக்கவே இல்லை. இறகு நுனிகள் தேய்ந்து துடைப்பம்போல் ஆகியிருந்தன.

"காலையிலிருந்து இருநூற்றுப் பதினேழு ஈ, தங்கச்சி!" என்றது பருந்து. "பக்கத்திலே உனக்கும் இடம் இருக்கு!"

கூர்விழி சட்டென்று பாறையை விட்டுக் கிளம்பினாள்.

வேட்டை தொடங்கியது. காட்டோரத்தில் ஒரு சோளக்கொல்லை. கவுதாரியைக் கிளப்பிவிடும் வேலைக்கு வந்த கீரி சோளத்துக்குள் நுழைந்து சலசலத்தது. கொழுத்த கவுதாரி ஒன்று விருட்டென்று கிளம்பியது. கூர்விழி மேலே போய் நின்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். கவுதாரி நேராகப் பறந்து ஒரு கள்ளிப் புதருக்குள் போய்விட்டது.

"ஏய்! ஏன் சுற்றி வரவில்லை?" என்று கத்தினாள் கூர்விழி.

"நான் எதுக்குச் சுத்தணும்? என் வீடு இங்கேதானே இருக்கு!" என்றது உள்ளேயிருந்து கவுதாரி.

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன அம்மணி, கவுதாரிக்கு மாலை போட்டு அழைக்கணுமா?"

கூர்விழி கரடியிடம் திரும்பி வந்தாள். "அது சரியாகப் பழகாத கவுதாரி, அண்ணே!"

"அப்படித்தான் இருக்கும்" என்று கரடியும் ஒப்புக்கொண்டது. வெயில் தாழும்வரை மறுபடியும் கயிற்றைச் சுற்றியது. இப்போது அறுபது முறை. அறுபதும் விழுந்தது. "நூற்றுக்கு நூறு! போய்வா!"

இரண்டாம் முறை கீரி கிளப்பியபோதும் அதே கவுதாரிதான் வந்தது. கூர்விழி மறுபடியும் மேலே நின்றாள். கவுதாரி மறுபடியும் புதரில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது.

"இந்த ஓட்டை இருக்கிறவரைக்கும் எனக்கென்ன பயம்!" என்று அது உள்ளேயிருந்து பாடியது.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. கூர்விழி பருந்தின் தேய்ந்த இறகுகளை நினைத்துக்கொண்டாள். கரடி கயிற்றை எடுத்தது.

"வேண்டாம், அண்ணே. கொஞ்ச நேரம் என்னைச் சும்மா விடுங்கள்."

கொல்லைக்கு எதிரே ஒரு மொட்டைப் பனை நின்றது. அதன் உச்சியில் போய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். கவுதாரி வெளியே வந்து சோளம் பொறுக்கியது. ஒரு சருகு விழுந்தது. கவுதாரி பதறிப் புதருக்குள் ஓடியது. அணில் கத்தியது; கவுதாரி ஓடியது. காற்றடித்தது; ஓடியது. மொத்தம் ஐந்து முறை. ஒரு தடவைகூட அது வட்டம் அடிக்கவில்லை. ஐந்து முறையும் அதே புதர், அதே இடதுபக்க ஓட்டை!

'என்னைப் பழக்கியது ஒரு கயிறு என்றால், இவனுக்கும் பழக்கம் என்று ஒரு கயிறு இருக்கிறது. அதைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறான்' என்று நினைத்தாள் கூர்விழி.

பொழுது சாயத் தொடங்கியது. கீரி கடைசி முறையாகச் சோளத்துக்குள் நுழைந்தது. கவுதாரி கிளம்பியது.

"பொறு, தாயி! மூன்றாம் சுற்று வரட்டும்!" என்று அலறியது கரடி.

கூர்விழி பொறுக்கவில்லை. கவுதாரியின் பக்கம் போகவும் இல்லை. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு நேரே இடதுபக்க ஓட்டைக்குப் பாய்ந்து, வாசலில் நின்றாள்.

"ஐயோ! நீ மேலே அல்லவா நிற்பாய்!" என்றது கவுதாரி. அதற்குள் கூர்விழியின் நகங்கள் அதைப் பற்றிவிட்டன.

சிங்கராஜா வயிறாரச் சாப்பிட்டார். கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. "நூற்றுக்கு நூறு என்று சொல்லிச் சொல்லி நானே உன்னைக் கெடுத்துவிட்டேனே!"

"இந்த வேகம் உங்கள் கயிறு கொடுத்ததுதான், அண்ணே" என்றாள் கூர்விழி. "ஆனால் உங்கள் கயிறு கவுதாரியைப் பார்த்ததே இல்லை!"

ராஜா மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். "கரடி, அதை என் தலைக்கு மேலே கொஞ்சம் சுற்று!"

கரடி சுற்றியது. முதல் சுற்றிலேயே எல்லா ஈக்களும் பறந்தோடின!

"பருந்தே, இங்கே இனி உனக்கு வேலை இல்லை" என்றார் ராஜா. "நாளைக் காலையில் கூர்விழியோடு அந்தப் பனைக்குப் போ. முதலில் உட்கார்ந்து பார். அப்புறம் பற!"

பருந்துக்கு நாளைவரை பொறுமை இல்லை. பாறையில் மூன்று முறை தத்தியது. நான்காம் முறை கால் தரையை விட்டுக் கிளம்பியது.

பழகிய பாடத்தை மட்டும் நம்பியிருப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஏமாறுவார். கண் எதிரே நடப்பதைப் பொறுமையாகப் பார்த்து அறிபவரே வெல்வார்.